நீளக் கார்டும் குறுகிய கேபினட்டும்

மேசைக் கணினியின் திரையில் தெரியும் படத்தை உருவாக்கித் தருவது கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டு, வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வடிவமைப்பு, அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவு என்று அதன் வேலை பெருகிக்கொண்டே போகிறது. வேலை பெருகப் பெருகக் கார்டின் உடம்பும் பெருத்துவிட்டது. பழைய கேபினட்டில் புதுக் கார்டைப் பொருத்த முனைபவர்களுக்கு முதலில் எதிர்ப்படுவது இடப் பிரச்சினைதான். பெட்டியின் மேல் அச்சிட்ட நீளத்தை மட்டும் பார்த்துக் கார்டு நுழையுமா என்று முடிவு செய்ய முடியாது. உயரம், தடிமன், மின் கேபிள் வளைய வேண்டிய இடம், கார்டை உள்ளே கொண்டுபோகும் வழி, காற்று வந்துபோகும் வழி ஆகிய ஐந்தும் அந்தக் கணக்கில் சேரும்.

கார்டு நீண்டது ஏன்?

கார்டின் நீளத்துக்குப் பெரும்பாலும் காரணம் மின்சுற்று அல்ல, வெப்பம். 1999-ல் வந்த ஜீஃபோர்ஸ் 256 கார்டுக்குத் தனி மின் இணைப்பே தேவைப்படவில்லை. மதர்போர்டின் ஸ்லாட்டிலிருந்து கிடைத்த மின்சாரமே போதுமாக இருந்தது. 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1080 கார்டு 180 வாட் எடுத்தது. 2022-ன் ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 450 வாட், 2025-ன் ஆர்டிஎக்ஸ் 5090-க்கு 575 வாட். உள்ளே போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. அதை வெளியேற்ற அலுமினியத் தகடுகளை அடுக்கிய ஹீட் சிங்க்கும், அதற்குக் காற்றூத இரண்டு மூன்று ஃபேன்களும் வேண்டும். கார்டின் நீளத்தைத் தீர்மானிப்பவை இவைதான்.

சிப்பை வடிவமைத்த என்விடியா தானே வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் நீளம் 304 மி.மீ. ஆனால் அதன் சர்க்யூட் பலகை அதைவிட வெகுவாகக் குட்டையானது. மீதி நீளம் முழுவதும் தகடுகளுக்கும் ஃபேனுக்கும் போகிறது. அதே சிப்பைக் கொண்டு ஆசுஸ் நிறுவனம் தயாரித்த ஆர்ஓஜி ஸ்ட்ரிக்ஸ் கார்டின் நீளம் சுமார் 358 மி.மீ., தடிமன் சுமார் 70 மி.மீ. சிப் ஒன்றுதான் என்றாலும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அளவு மாறும். ஆகவே சிப்பின் பெயரை வைத்து அளவை ஊகிப்பது தவறு. வாங்கப்போகும் குறிப்பிட்ட மாடலின் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

குட்டையாகவும் கார்டு செய்யலாம் என்பதற்கு ஏஎம்டி 2015-ல் வெளியிட்ட ரேடியான் ஆர்9 நானோ சான்று. நினைவகச் சில்லுகளைப் பலகை முழுவதும் பரப்பாமல், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிச் சிப்பின் அருகிலேயே வைத்ததால் அதன் நீளம் சுமார் 152 மி.மீ.யில் அடங்கியது. அது எடுத்த மின்சாரமும் 175 வாட்டுக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது.

கேபினட்டின் உள் கணக்கு

இன்றைய கேபினட்டுகளின் அடிப்படை அளவுகள், இன்டெல் 1995-ல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் தரத்திலிருந்து வருகின்றன. அதன்படி மதர்போர்டு 305 மி.மீ. உயரமும், பின்புறத்திலிருந்து முன்புறம் நோக்கி 244 மி.மீ. அகலமும் கொண்டது. மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகை 244-க்கு 244. அதாவது, முழு மதர்போர்டோ சிறிய மைக்ரோ பலகையோ, முன்பக்கம் நீளும் தூரம் ஒன்றுதான். வியா நிறுவனம் 2001-ல் கொண்டுவந்த மினி ஐடிஎக்ஸ் பலகை 170 மி.மீ. சதுரம்.

நீளப் பிரச்சினை இந்த 244 மி.மீ.யில்தான் தொடங்குகிறது. அதற்கு உட்பட்ட கார்டு மதர்போர்டின் மேலேயே நின்றுவிடும். அதைத் தாண்டியது பலகையின் விளிம்புக்கு வெளியே, கேபினட்டின் முன்பகுதிக்குள் நீளும். அங்கே முன்பே குடியிருப்பவை ஹார்டு டிஸ்க் கூண்டு, முன் ஃபேன்கள், சிலவற்றில் நீர்க்குளிர்விப்பானின் ரேடியேட்டர் ஆகியவை.

பழைய கேபினட்டுகளில் முதல் தடை ஹார்டு டிஸ்க் கூண்டு. மூன்றரை அங்குல ஹார்டு டிஸ்க்கின் நீளம் 147 மி.மீ. அதைக் கேபினட்டின் நீளவாக்கில் வைக்கும் கூண்டு, முன்புறத்தில் ஏறக்குறைய 15 செ.மீ.யை எடுத்துக்கொள்ளும், டிஸ்க்கின் பின்னால் செருகும் சாட்டா கேபிளுக்கும் மின் கேபிளுக்கும் மேலும் சில செ.மீ. போய்விடும். உள்நீளம் 42 செ.மீ. உள்ள கேபினட்டில் இவை போக எஞ்சுவது 24, 25 செ.மீ.தான். 2009-ல் ஏடிஐ என்ற பெயரில் ஏஎம்டி வெளியிட்ட ரேடியான் எச்டி 5970 கார்டு 30 செ.மீ.க்கு மேல் நீண்டிருந்தது. அக்காலத்துக் கேபினட்டுகள் பலவற்றில் அது இந்தக் கூண்டில்தான் முட்டியது.

புதிய கேபினட்டுகளில் கூண்டு பெரும்பாலும் கீழே, பவர் சப்ளைக்குப் பக்கத்தில் தனி அறைக்குள் போய்விட்டது. அங்கே முன் ஃபேனும் ரேடியேட்டரும்தான் தடை. வழக்கமான ஃபேனின் தடிமன் 25 மி.மீ.; ரேடியேட்டரின் தடிமன் பெரும்பாலும் 27 முதல் 30 மி.மீ. இரண்டையும் சேர்த்து முன்புறத்தில் மாட்டினால் 55 மி.மீ. வரை போய்விடும். 360 மி.மீ. கார்டு வரை கொள்ளும் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருந்தால், அது ரேடியேட்டர் இல்லாத நிலைக்கா, ஃபேன்கூட இல்லாத நிலைக்கா என்பதையும் விவரக்குறிப்பில் பார்க்க வேண்டும்.

அளக்கும் முறை

அளவு எடுப்பதற்கு முன் கணினியை அணைத்து, மின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி எஞ்சியிருக்கும் மின்சாரத்தை வடிக்க வேண்டும். கேபினட்டின் வர்ணம் பூசாத இரும்பைத் தொட்டால் உடலில் தேங்கிய நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

நீளத்தை அளக்கத் தொடங்க வேண்டிய இடம், மானிட்டர் கேபிள் செருகும் பின்பக்கத் தகட்டின் உட்புறம். அங்கிருந்து கார்டு நிற்கப்போகும் அதே மட்டத்தில் முன்னோக்கி, முதல் தடை வரை அளக்க வேண்டும். கூண்டில் டிஸ்க் இருந்தால் தடை டிஸ்க் அல்ல, அதில் செருகியிருக்கும் கேபிள். கார்டின் நீளத்தைச் சிலர் பின்தகட்டைச் சேர்த்தும் சிலர் சேர்க்காமலும் குறிப்பிடுவதால், குறைந்தது 10 மி.மீ. கூடுதலாக விட்டுக்கொள்வது நல்லது.

தடிமன் ஸ்லாட் கணக்கில் சொல்லப்படுகிறது. ஒரு ஸ்லாட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 20.32 மி.மீ. மூன்று ஸ்லாட் கார்டு சுமார் 61 மி.மீ. மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகையில் இருப்பவை அதிகபட்சம் நான்கே ஸ்லாட்டுகள். கார்டின் ஃபேன்கள் கீழ்நோக்கி இருப்பதால், அவற்றுக்கும் கேபினட்டின் அடித்தளத்துக்கும் அல்லது பவர் சப்ளையின் மூடிக்கும் இடையே இடைவெளி இருந்தால்தான் காற்றை இழுக்க முடியும். மதர்போர்டின் சாட்டா இணைப்புகள், முன்பக்க யுஎஸ்பி இணைப்பு, ஆடியோ இணைப்பு ஆகியவை பெரிய கார்டுக்கு அடியில் மறைந்துபோகலாம். மேல்நோக்கி நிற்கும் சாட்டா இணைப்பில் நேரான கேபிள் கார்டில் இடிக்கும். வளைந்த முனையுள்ள கேபிள் அடியில் அடங்கும்.

அடுத்தது உயரம், அதாவது மதர்போர்டிலிருந்து பக்கவாட்டுக் கதவை நோக்கி நீளும் அளவு. பலர் மறப்பது இதைத்தான். ஆர்டிஎக்ஸ் 4090-ன் உயரம் 137 மி.மீ. அதன் மின் இணைப்பு மேல் விளிம்பில் இருக்கிறது. கேபிள் தயாரிப்பாளர்கள் இணைப்பிலிருந்து 35 மி.மீ. வரை கேபிளை வளைக்கக் கூடாது என்கிறார்கள். இரண்டையும் கூட்டினால் 172 மி.மீ. ஆகிறது. ஒடுக்கமான கேபினட்டுகளில் பலகையிலிருந்து கதவு வரை இருப்பது 160 மி.மீ. அளவுதான். கார்டு உள்ளே போய்விடும், ஆனால் கதவு மூடாது. சில பழைய மாடல்களில் மின் இணைப்பு கார்டின் முன் முனையில் இருக்கும். அவற்றுக்கு இந்தக் கூடுதல் இடத்தை உயரத்தில் சேர்க்காமல் நீளத்தில் சேர்க்க வேண்டும்.

எண்களை மட்டும் நம்புவதைவிட, கார்டின் மூன்று அளவுகளுக்கும் அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி ஒரு மாதிரி செய்து, அதைக் கேபினட்டுக்குள் வைத்துப் பார்ப்பது மேல். டேப்பில் தெரியாத ஸ்க்ரூ முனை, கூண்டின் மடிப்பு, கேபிள் கட்டு எல்லாம் அப்போது தெரிந்துவிடும்.

இடம் உண்டாக்கும் வழிகள்

சில செ.மீ. போதாமல் இருந்தால் கார்டை மாற்றுவதற்கு முன் கேபினட்டில் செய்யக்கூடியவை பல உண்டு. சுலபமானது ஹார்டு டிஸ்க்கை இடம் மாற்றுவது. கூண்டில் கார்டின் மட்டத்துக்கு நேராக இருக்கும் டிஸ்க்கை மேல் அடுக்குக்கோ கீழ் அடுக்குக்கோ மாற்றினால், சில கேபினட்டுகளில் கார்டின் முனை வெறும் அடுக்குக்குள் நுழைந்துகொள்ளும். இரண்டரை அங்குல எஸ்எஸ்டியின் தடிமன் 7 மி.மீ.தான், அதில் சுழலும் பாகம் இல்லாததால் மதர்போர்டுத் தட்டின் பின்புறத்திலோ அடித்தளத்திலோ ஒட்டிவைக்கலாம். மதர்போர்டிலேயே செருகும் எம்.2 வகை எஸ்எஸ்டியின் வழக்கமான அளவு 22-க்கு 80 மி.மீ.; அதற்கு மாறிவிட்டால் கூண்டே தேவையில்லை.

கூண்டு ஸ்க்ரூவில் நின்றால் கழற்றி எடுத்துவிடலாம். ரிவெட் அடித்திருந்தால் தலையை டிரில் செய்து அகற்ற வேண்டும். கேபினட்டுகளில் இருப்பவை பெரும்பாலும் 3.2 மி.மீ. அளவு ரிவெட்டுகள், அதே அளவோ சற்றே பெரியதோ ஆன டிரில் பிட்டால் தலை கழன்றுவிடும். வேலை தொடங்கும் முன் மதர்போர்டு, பவர் சப்ளை உட்பட எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். டிரில் செய்யும்போது உதிரும் இரும்புத்தூள் ஒரு துணுக்கு இரண்டு இணைப்புகளுக்கு நடுவே சிக்கினாலும் ஷார்ட் ஆகும். வெட்டிய விளிம்புகளை அரத்தால் ராவி, ரப்பர் விளிம்புப் பட்டை ஒட்டினால் கையும் கேபிளும் கிழியாது. கூண்டு டிஸ்க்கைத் தாங்குவதோடு நிற்பதில்லை. மலிவான மெல்லிய கேபினட்டுகளில் மேல்தளத்தையும் அடித்தளத்தையும் இணைத்து நிறுத்துவதும் அதுதான். முழுவதும் எடுத்தால் பெட்டி ஆட்டம் காணும். கார்டுக்குத் தேவையான அடுக்கை மட்டும் வெட்டி, மீதியை விட்டுவைப்பது பாதுகாப்பு.

முன் ஃபேன் இடித்தால் 15 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய ஃபேனாக மாற்றி 10 மி.மீ. மிச்சப்படுத்தலாம். வடிவமைப்பு அனுமதித்தால் ஃபேனை இரும்புச் சட்டத்துக்கு வெளியே, முன் முகப்புக்குப் பின்னால் மாட்டினால் 25 மி.மீ. முழுவதுமே கிடைத்துவிடும். ரேடியேட்டரை மேல்தளத்துக்கு மாற்றுவதும் அதே பலனைத் தரும். சிறிய கேபினட்டுகளில் பவர் சப்ளையே வழியை அடைத்து நிற்பதுண்டு. ஏடிஎக்ஸ் பவர் சப்ளையின் அகலம் 150, உயரம் 86 மி.மீ.; எஸ்எஃப்எக்ஸ் வகைக்கு 125, 63.5 மி.மீ. போதும்.

கார்டை நிமிர்த்தி, கண்ணாடிக் கதவை நோக்கித் திருப்பி வைப்பதும் ஒரு வழியாகச் சொல்லப்படுகிறது. அதனால் உயரப் பிரச்சினை தீரலாம். நீளப் பிரச்சினை தீராது. கார்டையும் மதர்போர்டையும் இணைக்க ரைசர் கேபிள் வேறு தேவைப்படும். கார்டு செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டின் மூன்றாம் தலைமுறைக்குச் செய்த ரைசரில் நான்காம் தலைமுறைக் கார்டைப் பொருத்தினால் திரை வராமலே போகலாம். அப்போது பயாஸில் ஸ்லாட்டின் வேகத்தை மூன்றாம் தலைமுறைக்குக் குறைத்து வைக்க வேண்டும். ரைசரின் தரமும் முக்கியம். என்இசட்எக்ஸ்டி நிறுவனத்தின் எச்1 கேபினட்டில் ரைசரைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்களால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் ஆபத்து கண்டறியப்பட்டு, 2021-ல் அமெரிக்காவில் அவை திரும்பப் பெறப்பட்டன.

உள்ளே செலுத்துதல்

அளவில் கொள்ளும் கார்டுகூட நேராக இறக்கினால் நுழையாமல் போகலாம். கார்டின் பின்தகட்டின் நாக்குப் பகுதி, மதர்போர்டுக்கும் கேபினட் சுவருக்கும் இடையே உள்ள இடுக்கில் முதலில் போக வேண்டும். எனவே முன் முனையைத் தூக்கிப் பிடித்து, பின்பக்கத்தை முதலில் இறக்கி, பிறகு முன் முனையைத் தாழ்த்துவதே வழக்கமான முறை. முன்புறம் இடமில்லாவிட்டால் ஃபேனைக் கழற்றிவிட்டுக் கார்டைப் பொருத்தி, பிறகு ஃபேனை மாட்டலாம். மிக நெருக்கமான பெட்டிகளில் எந்த உறுப்பை முதலில் வைப்பது என்பதே வேலையைத் தீர்மானிக்கும்; சாட்டா கேபிள்களையும் முன்பக்க இணைப்புகளையும் கார்டுக்கு முன்பே செருகிவிட வேண்டும்.

ஸ்லாட்டின் முனையில் இருக்கும் பூட்டு சொடுக்கென்று விழுந்தால் கார்டு முழுதாக இறங்கிவிட்டது என்று பொருள். கழற்றும்போது அந்தப் பூட்டு கார்டுக்கு அடியில் மறைந்து விரலுக்கு எட்டாது. அதை நெம்ப மரக்குச்சியோ பிளாஸ்டிக் பட்டையோ பயன்படுத்தலாம். ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் மதர்போர்டின் சுற்றைக் கீறிவிடும்.

மின் இணைப்பை மிச்சமில்லாமல் முழுவதும் அழுத்திச் செருக வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4090 வந்த புதிதில், 600 வாட் வரை கடத்தக்கூடிய அதன் 12 வோல்ட் இணைப்பு சில கார்டுகளில் உருகியது. இணைப்பு முழுவதும் செருகப்படாததே பொதுவான காரணம் என்று என்விடியா விளக்கம் தந்தது. 2023-ல் அந்த இணைப்பு திருத்தப்பட்டு, இணைப்பு பொருந்தியதைக் கார்டுக்கு உணர்த்தும் ஊசிகள் குட்டையாக்கப்பட்டன. அதனால் அரைகுறையாகச் செருகியிருந்தால் கார்டு மின்சாரம் எடுக்காது. கதவு கேபிளை அழுத்தும் நெருக்கமான கேபினட்டில் இந்த ஆபத்து கூடுதல் என்பதால், கதவைப் பலமாக அழுத்தி மூடும் நிலை வந்தால் அந்தக் கேபினட் அந்தக் கார்டுக்குப் பொருந்தவில்லை என்றே கொள்ள வேண்டும்.

நீளக் கார்டுக்கு எடையும் அதிகம். ஆர்டிஎக்ஸ் 4090 இரண்டு கிலோவுக்கு மேல். பின்பக்கம் ஸ்க்ரூவில் நிற்க, முன் முனை தாங்கலின்றித் தொங்கும். நாளடைவில் ஸ்லாட்டும், கார்டில் பூட்டு மாட்டும் மூலையும் விரிசல் காணலாம். முன் முனைக்கு அடியில் ஒரு தாங்கியை நிறுத்தினால் போதும். பல பெரிய கார்டுகளோடு அதைச் சேர்த்தே தருகிறார்கள்.

காற்றுக்கு வழி

இடம் கிடைத்த பிறகு எஞ்சுவது வெப்பம். இன்றைய கார்டுகளில் பெரும்பாலானவை சூடான காற்றைக் கேபினட்டுக்குள்ளேயே விடுபவை. அதைப் பெட்டியின் ஃபேன்கள்தான் வெளியேற்ற வேண்டும். புளோயர் வகைக் கார்டு ஒரே ஃபேனால் காற்றை நீளவாக்கில் தள்ளி, பின்தகட்டின் துளைகள் வழியாக வெளியே அனுப்பிவிடும். சத்தம் அதிகமென்றாலும், காற்றோட்டம் குறைந்த குறுகிய பெட்டிக்கு அது ஏற்றது. கூண்டை வெட்டி உண்டாக்கிய இடத்தில் கார்டு முன் ஃபேனை உரசி நின்றால் காற்று வரும் வழி அடைபடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அறையின் வெப்பம் ஏறினால் கார்டின் வெப்பமும் ஏறும். கோடையில் இது நன்றாகவே தெரியும். கார்டு தனக்கு விதிக்கப்பட்ட எல்லையை எட்டினால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் மின்சார வரம்பை 10 முதல் 20 சதவீதம் வரை குறைத்தால், வேகம் அதே அளவுக்குக் குறைவதில்லை. ஆனால் சூடும் சத்தமும் தணியும். பொருத்திய பிறகு கதவை மூடிய நிலையில் அரை மணி நேரம் கனமான விளையாட்டு ஒன்றை ஓட்டி, அதே விளையாட்டைக் கதவு திறந்த நிலையிலும் ஓட்டிப் பார்த்தால், இரண்டு வெப்பநிலைகளுக்கும் உள்ள வித்தியாசம் பெட்டி எவ்வளவு மூச்சுத் திணறுகிறது என்பதைக் காட்டிவிடும்.

அலுவலகக் கணினிகள்

அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல், எச்பி, லெனோவோ கணினிகளை மலிவாக வாங்கிக் கார்டு பொருத்துபவர்கள் நிறைய. இவற்றில் நீளத்துக்கு முன்பே மின்சாரம் தடையாகும். 2013-ன் டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 டவர் மாடலில் பவர் சப்ளை 290 வாட். மதர்போர்டுக்குப் போகும் இணைப்பும் வழக்கமான 24 ஊசி இணைப்பு அல்ல, டெல்லின் சொந்த 8 ஊசி இணைப்பு. வேறு பவர் சப்ளை மாட்ட வேண்டுமானால் இடையில் ஒரு அடாப்டர் தேவை. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தரக்கூடிய மின்சாரம் 75 வாட். அதற்குள் அடங்கும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650, 2024-ல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 ஆகியவற்றில் தனி மின் இணைப்பு கேட்காத மாடல்கள் உண்டு. அவை நீளத்திலும் குறைந்தவை.

ஒல்லியான எஸ்எஃப்எஃப் மாடல்களில் உயரமும் பாதிதான்; சுமார் 69 மி.மீ. உயரமுள்ள லோ புரொஃபைல் கார்டு, அதற்கான குட்டைப் பின்தகட்டோடு வேண்டும். 53 வாட் எடுக்கும் ரேடியான் ஆர்எக்ஸ் 6400 இவ்வகைப் பெட்டிகளுக்குப் பொருந்தும். ஆனால் அது ஸ்லாட்டின் நான்கு தரவுத் தடங்களை மட்டுமே பயன்படுத்துவதால், மூன்றாம் தலைமுறை ஸ்லாட் உள்ள பழைய கணினியில் அதன் வேகம் ஓரளவு குறையும்.

தயாரிப்பாளர்களின் புதிய வரம்பு

ஒவ்வொரு கார்டும் ஒவ்வொரு அளவில் வந்த குழப்பத்தைக் குறைக்க, சிறிய கேபினட்டுகளுக்கு ஏற்ற கார்டுகளுக்கென ஒரு வரம்பை என்விடியா 2024-ல் அறிவித்தது. நீளம் 304 மி.மீ., மின் கேபிளின் வளைவையும் சேர்த்து உயரம் 151 மி.மீ., தடிமன் 50 மி.மீ. என்பவை அதன் உச்ச அளவுகள். கேபிளின் வளைவைக் கார்டின் அளவிலேயே சேர்த்துச் சொன்னது வாங்குபவருக்கு உதவும் மாற்றம். 575 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 5090-ஐயும் என்விடியா தன் சொந்த வடிவமைப்பில் 304 மி.மீ. நீளம், இரண்டு ஸ்லாட் தடிமனுக்குள் அடக்கியிருக்கிறது.

எவ்வளவு முயன்றும் கார்டு அடங்காவிட்டால் கேபினட்டை மாற்றுவதே கடைசி வழி. ஏடிஎக்ஸ் தரத்தில் ஸ்க்ரூ துளைகளின் இடம் 1995 முதல் பெரிதாக மாறாததால், பழைய மதர்போர்டைப் புதிய பெரிய கேபினட்டில் சிக்கலின்றி மாட்டிவிடலாம். அலுவலகக் கணினிகளுக்கு மட்டும் இது எளிதல்ல. அவற்றின் பல மாடல்களில் மதர்போர்டின் வடிவமும் பவர் பட்டன் இணைப்பும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. அத்தகைய கணினிக்குப் பெட்டியை மாற்றும் செலவைவிட, பெட்டிக்கு ஏற்ற குட்டைக் கார்டைத் தேர்ந்தெடுப்பதே சிக்கனம்.